பூங்கா அரங்கைப் புதுப்பிக்கிறார்கள்: கூரை வேண்டும் என்று கேட்பதா, வேண்டாம் என்பதா?

கனகாம்பரம்:
எங்கள் ஊர்ப் பூங்காவில் அரைவட்டமாக ஒரு திறந்தவெளி அரங்கம் இருக்கிறது. ஒன்பது வரிசைப் படிகள், நான்கடி உயர மேடை, பின்னால் காரை பெயர்ந்த ஒரு சுவர். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அங்கே குழந்தைகளுக்கு நாடகப் பயிற்சி நடத்துகிறேன். மற்ற நாட்களில் அது காதலர்களுக்கும் நாய்களுக்கும் சொந்தம்.

இப்போது அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார்களாம். காட்டிய படத்தில் வெள்ளைத் துணிக்கூரை, பளபளக்கும் கருப்பு கிரானைட் படிகள், சுவர் இருந்த இடத்தில் எஃகுத் தகட்டில் வெட்டிய மயில். ஒப்பனை அறையை மட்டும் காணோம். இன்றைக்கும் பிள்ளைகள் தண்ணீர்த் தொட்டி மறைவில், ஆளுக்கொரு முனையாக வேட்டியைப் பிடித்துக்கொண்டுதான் உடை மாற்றுகிறார்கள்.

மக்கள் கருத்தை எழுத்தில் கேட்டிருக்கிறார்கள். மழைக்குக் கூரை நல்லதுதானே என்கிறார் என் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. காரணம்தான் சொல்லத் தெரியவில்லை. என்ன எழுதிக் கொடுக்கலாம்?

பெட்ரோமாக்ஸ்:
சகோதரி, காரணம் நான் சொல்கிறேன். நாடகங்களுக்கு ஒளியமைப்பது என் பிழைப்பு. கூரைக்குத் தூண் வேண்டும். தூணை எங்கே நட்டாலும் யாரோ ஒருவர் நாடகம் முழுவதும் தூணைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். புயல் காற்று துணிக்கூரையை மேல்நோக்கி இழுக்கும். அதைத் தாங்கும் அடித்தளத்துக்கே பெரும் பணம் மண்ணுக்குள் போய்விடும். இத்தனைக்கும் பிறகு ஐப்பசி மழை சாய்வாக அடித்தால் ஓரத்து வரிசைகள் நனையத்தான் செய்யும்.

படத்தில் வடக்கு எது என்று குறித்திருக்கிறார்களா? மேடை மேற்கே இருந்தால் மாலை ஐந்தரை மணிக்குக் கூட்டம் மொத்தமும் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மேடையை வடக்கே வைத்து, மக்கள் வடக்கு பார்த்து உட்கார்ந்தால் எந்த மாதத்திலும் மாலை வெயில் அவர்கள் கண்ணுக்கு நேரே வராது. இதற்குத் தனியாக ஒரு பைசாவும் செலவில்லை, கட்டுவதற்கு முன்பே கேட்டால்.

கருப்பு கிரானைட்டை யார் யோசித்தார்களோ! சித்திரை வெயில் குடித்த கல்லில் விளக்கு வைத்த பிறகும் உட்கார முடியாது. தூறல் விழுந்தால் வழுக்கும். வெளிர் நிறக் கல், மெருகேற்றாமல் கொத்திவிட்டது போதும். படிகளின் உயரத்தையும் கேளுங்கள்: முன்வரிசைக்காரரின் கண்மட்டத்துக்கு 12 செ.மீ. மேலே பின்னால் இருப்பவரின் பார்வை கடந்துபோனால்தான் முன்னே இருக்கும் தலை மறைக்காது.

முக்கியமாக அந்தச் சுவரை விட்டுக்கொடுக்காதீர்கள். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறையும். மைக் இல்லாத குழந்தையின் குரல் ஒன்பதாவது வரிசைவரை போகிறதென்றால், பாதி புண்ணியம் பின்சுவருக்கு. ஓட்டை ஓட்டையாக வெட்டிய மயில் அந்தக் குரலைத் தெருவுக்கு அனுப்பிவிடும். மயில் வேண்டுமென்றால் நுழைவாயிலில் வைக்கட்டும், செல்ஃபி எடுக்கிறவர்களுக்கும் வசதி.

குயின்ஸ்வாசி:
கூரை இல்லாமலே பெரிய அளவில் புதுப்பிக்க முடியும் என்பதற்கு நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் இருக்கும் டெலகோர்ட் அரங்கைச் சொல்லலாம். 1962இல் திறந்தது, சுமார் 1,800 இருக்கைகள், கோடையில் ஷேக்ஸ்பியர் நாடகங்களை இலவசமாகப் பார்க்கலாம். 2023 கோடைக்குப் பிறகு மூடி, ஏறத்தாழ 85 மில்லியன் டாலர் செலவில் புதுப்பித்து, 2025 ஆகஸ்டில் மறுபடி திறந்தார்கள். பார்வையாளர் தலைக்கு மேல் இன்றும் வானம்தான். மழை வந்தால் நாடகத்தை நிறுத்திக் காத்திருப்பார்கள், விட்டால் தொடர்வார்கள். மேடைக்குப் பின்னால் குளமும், பாறைமேல் ஒரு சிறிய கோட்டையும் தெரியும். ரக்கூன்கள் மேடையேறுவதும் உண்டு, டிக்கெட் இல்லாமல்.

பணம் எங்கே போனது என்பதைக் கவனியுங்கள்: மேடையின் உள்வசதிகள், நடிகர்களுக்கும் பணியாளர்களுக்குமான இடங்கள், சக்கர நாற்காலிக்கான பாதைகள். வெளிச்சுவருக்குக்கூட நகரத்து மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகளில் இருந்து கழற்றிய பழைய ரெட்வுட் மரப் பலகைகளைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

உருளும் நாற்காலி:
சக்கர நாற்காலியைப் பற்றி வந்துவிட்டதால் நானும் ஒன்று. எங்களைப் போன்றவர்களுக்கு ஆகக்கூடிப் போனால் முதல் வரிசை ஓரத்தில் ஒரு சதுரம் ஒதுக்குவார்கள். மேடைக்கு யாரும் எங்களை எதிர்பார்ப்பதில்லை. சாய்தளத்தின் சரிவு 1:12 இருக்க வேண்டும், ஒரு மீட்டர் உயரத்துக்குப் பன்னிரண்டு மீட்டர் நீளம். நான்கடி மேடை, அதாவது ஏறத்தாழ 1.2 மீட்டருக்கு, 14 மீட்டருக்கு மேல் சாய்தளம், நடுவில் நின்று மூச்சுவாங்கச் சமதளம். அந்த இடத்தை இப்போதே வரைபடத்தில் ஒதுக்கவில்லையென்றால் பிறகு ஒரு பலகையைச் சாய்த்துவைத்து முடித்துவிடுவார்கள். மேடையைத் தாழ்த்தச் சொல்லுங்கள். ஒன்றரை அடி என்றால் ஆறு மீட்டருக்குள் முடிந்துவிடும்.

பெட்ரோமாக்ஸ்:
இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். படிகள் ஏறிக்கொண்டே போகிற அரங்கத்துக்கு நான்கடி மேடை எதற்கு? அது சமதரையில் நாற்காலி போடுகிற கல்யாண மண்டபத்துக் கணக்கு. தாழ்வான மேடையில்தான் கூத்துக்காரர்களுக்கும் ஆட வரும். மூன்று பக்கமும் ஆட்கள் உட்கார்ந்து, கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் அவர்களிடம் வம்பு பேச வேண்டாமா?

பூங்கா எதிர்வீடு:
எல்லாம் சரி, கூத்து விடிய விடிய நடக்குமே. நாங்கள் தூங்க வேண்டாமா? போன பொங்கலுக்கு ஆளுயர ஒலிபெருக்கிகளை எங்கள் ஜன்னலைப் பார்த்து அடுக்கிவைத்தார்கள்.

பெட்ரோமாக்ஸ்:
நியாயமான கோபம் ஐயா. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பே 55 டெசிபல்தான். ஒலிபெருக்கிகளைச் சிறியதாக, உயரத்தில், படிகளைப் பார்த்துக் கீழ்நோக்கி மாட்டினால் உங்கள் ஜன்னலுக்கு வருவது வெகுவாகக் குறையும். அதற்கான கம்பங்களும் வரைபடத்திலேயே இருக்க வேண்டும்.

கனகாம்பரம்:
எல்லோருக்கும் நன்றி. படத்தை மறுபடி பார்த்தேன். வடக்குக் குறியே இல்லை. ஆனால் தண்ணீர்த் தொட்டி இருக்கும் இடத்தை வைத்துப் பார்த்தால் மேடை மேற்கேதான் வருகிறது. கூரைக்கு ஒதுக்கிய தொகையில் ஒப்பனை அறைகளும் கழிப்பறையும் கட்டச் சொல்லி எழுதப்போகிறேன். மின்சாரத்துக்கு என்ன கேட்பது?

பெட்ரோமாக்ஸ்:
மும்முனை இணைப்பு, பூட்டுள்ள மின்பலகை, படிகளுக்கு அடியில் கேபிள் போகக் குழாய். மரங்களின் கிளைகள் விரிந்திருக்கும் எல்லைக்குள் பள்ளம் தோண்டக்கூடாது என்றும் சேர்த்து எழுதுங்கள். விளக்குக் கம்பங்கள் மேடையின் இரண்டு பக்கமும், நடிகர் முகத்தில் சுமார் 45 பாகையில் ஒளி விழும்படி. வரைபடத்தின் நகலைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், கம்பங்களுக்கான இடத்தை நான் குறித்துத் தருகிறேன்.