புதுப்பிப்பு: தோளை அழுத்திய ஹான்ஸ் கருவி

பொழுதுபோக்காகக் கார்ப் பந்தயம் ஓட்டும் நான், திருகோணமலைக்கு வருவித்த ஹான்ஸ் கருவி (மோதலின்போது தலை முன்னே வீசப்படாமல் தடுக்க, தோளில் அணிந்து தலைக்கவசத்தோடு இணைக்கும் காப்பு) காறை எலும்பை அழுத்துவதாகச் சென்ற மாதம் எழுதி, வேறு வகை எதையேனும் வாங்கலாமா என்று கேட்டிருந்தேன். பிழை கருவியில் இல்லை, கோணத்தில்தான் இருந்தது. நான் வாங்கிய 30 பாகைக் கருவி, சாய்ந்த இருக்கைக்கு உரியது; என் காரின் நிமிர்ந்த இருக்கைக்கு 20 பாகையே பொருந்தும் என்றறிந்து மாற்றிய பின்னர், கருவியின் கால்கள் நெஞ்சோடு படிந்து, தோள்பட்டிகள் அவற்றின் மேல் நழுவாமல் அமர்ந்ததும் வலி நின்றது.

தலைக்கவசத்தோடு இணைக்கும் நாடாவையும் நழுவும் வகைக்கு மாற்றியதால், பக்கக் கண்ணாடியைப் பார்க்கக் கழுத்து தாராளமாகத் திரும்புகிறது. எங்கள் வெக்கையில் அடிப்பஞ்சு வியர்வையில் ஊறி, காய்ந்தபின் வெள்ளையாக உப்புப் பூக்கிறது. அதற்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை. எனினும், 2001இல் அமெரிக்கக் கார்ப் பந்தய வீரர் டேல் எர்ன்ஹார்ட், இக்கருவி அணியாமல் ஓட்டிய பந்தயத்தில் மோதி, மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்து இறந்ததை அறிந்தவன் என்பதால், கழற்றி வைத்துவிட்டு ஓட்டும் எண்ணமில்லை.