குறுவட்ட மேட்ச்ல நடுவரைத் திட்டும் பி.டி. சார்

டச்லைன் அப்பா:
நேத்து பையனோட ஸ்கூலுக்குக் குறுவட்ட ஃபுட்பால் (பக்கத்து ஸ்கூல்களுக்குள்ள நடக்கிற போட்டி), 14 வயசுக்கு உட்பட்ட பிரிவு. ஒரு த்ரோ-இன் எதிரணிக்குப் போச்சு, அவ்வளவுதான். எங்க பி.டி. சார் கோட்டு ஓரமா நின்னு, "எவ்வளவுய்யா வாங்கின?"ன்னு நடுவரைப் பார்த்துக் கத்தினார். அதுக்கப்புறம் ஒவ்வொரு விசிலுக்கும் எங்க பசங்க கையை விரிச்சுக்கிட்டு நின்னாங்க. பந்து பாட்டுக்குப் போயிட்டு இருந்தது. ரெண்டு கோல்ல தோத்தோம். இது எந்த ஊர் கோச்சிங்?

விடியக்கால மாஸ்டர்:
நானும் பி.டி. தான், சொல்றேன். "வாங்கின"ன்னு கேட்டது தப்பு, ஒத்துக்கிறேன். ஆனா நாக்-அவுட் சார் இது. ஒரு தப்பு விசில், பசங்களுக்கு அந்த வருஷமே முடிஞ்சது. நடுவர் யாரு? பக்கத்து ஸ்கூல் பி.டி.யா இருப்பார். அவரோட டீம் அரையிறுதியில எங்களுக்காகக் காத்திருக்கும். வாயை மூடிட்டு நிக்கணுமா?

பழைய விசில்:
சந்தேகம் இருந்தா மேட்ச்சுக்கு முன்னாடியே அமைப்பாளர்கிட்ட ஆளை மாத்தச் சொல்லுங்க மாஸ்டர். ஆட்டம் மறுபடி ஆரம்பிச்சிட்டா, தப்புன்னு தெரிஞ்சாலும் நடுவர் அந்த முடிவை மாத்த முடியாது, விதியே அப்படித்தான். அப்புறம் எதுக்குக் கத்தல்?

விடியக்கால மாஸ்டர்:
அந்த விசிலுக்காக யாரு கத்துறா? அடுத்த விசிலுக்காக.

பழைய விசில்:
அப்படி வாங்க வழிக்கு! நியாயம் கேக்கல, நடுவரை மிரட்டி வெக்கிறீங்க. 2019லயே விதி மாறிடுச்சு, கோச்சுக்கும் மஞ்சள், சிவப்பு அட்டை உண்டு. பெஞ்ச்ல யார் கத்தினாங்கன்னு தெரியலைன்னா அட்டை தலைமை கோச்சுக்குத்தான்.

விடியக்கால மாஸ்டர்:
புத்தகத்துல இருக்கு. குறுவட்டத்துல எவன் காட்டுவான்? இன்னைக்கு நான் நடுவரா நின்னு இன்னொரு பி.டி.க்குக் காட்டினா, அடுத்த வாரம் என் மேட்ச்சுக்கு விசில் அவர் வாயில.

கார்னர் கொடி அக்கா:
ரெண்டு பேருமே நடுவரைப் பத்தியே பேசுறீங்க. நான் விளையாடின காலத்துல எங்க சார் கத்த ஆரம்பிச்சாலே எனக்குக் கால் நடுங்கும். திட்டு நடுவருக்கா எனக்கான்னு மைதானத்துக்குள்ள தெரியாது. இன்னொண்ணு, லைன்ல கொடி பிடிக்க ஆளே இல்லாம ஒரே ஆள் ஆஃப்சைடும் ஃபவுலும் பார்க்கணும்னா தப்பு வரத்தான் செய்யும். கத்துற மாஸ்டர்ங்க ஒரு கொடியைப் பிடிச்சு உதவலாமே.

டச்லைன் அப்பா:
அக்கா சொன்னதை என் பையன்கிட்ட கேட்டேன். "ஆமாப்பா, என்னைத்தான் திட்டுறாருன்னு நினைச்சேன்"ங்கிறான். த்ரோ-இன் போனது அவன் பக்கமாம்.

விடியக்கால மாஸ்டர்:
அது எனக்குத் தோணல. சரி, எங்க ஸ்கூல் வெளியே போயாச்சு, வியாழக்கிழமை ஃபைனலுக்கு நான்தான் நடுவர். வந்து பாருங்க.

பழைய விசில்:
வர்றேன் மாஸ்டர். அட்டை ரெண்டும் பாக்கெட்ல இருக்கட்டும்.