உள்ளூர்ச் செய்தி எப்ப வரவேணும்?

நெடுந்தீவு ஆசிரியை: இஞ்ச வானொலிச் செய்தியில முக்கால்வாசி கொழும்புதான். வாடைக்காலத்தில குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகு ஓடுமோ எண்டு எனக்கு விடியமுன்னம் தெரியவேணும். உள்ளூர்ச் செய்தி கட்டாயம் எண்டு எங்கையாவது சட்டம் இருக்கோ?

பழைய செய்தி வாசிப்பாளர்: இருக்கு பிள்ளை. பிரித்தானியாவின்ர 2024 ஊடகச் சட்டம், உள்ளூர் வர்த்தக வானொலிச் செய்தியில அந்த இடத்திலேயே திரட்டின செய்தியும் இருக்கவேணும் எண்டு சொல்லுது. எனக்கு அதுதான் முக்கியம். எத்தினை நிமிசம் எண்டதைவிட, ஆர் போய் விசாரிச்சது எண்டதுதான் பெறுமதி. இறங்குதுறைக்கு ஒரு நிருபர் போகாமல், கொழும்பு அறிக்கையை இஞ்ச இருந்து வாசிச்சால் அது உள்ளூர்ச் செய்தியே இல்லை. படகு விசயம் தலைப்பிலேயே வரவேணும்.

குருநகர் தம்பி: அண்ணை, விடியச் செய்தி ரீச்சருக்குச் சரி. பொழுதுபடக் கடற்றொழிலுக்குப் போற எங்களுக்குப் பின்னேரமே காற்றின்ர திசையும் வேகமும் சொல்லவேணும்.

நெடுந்தீவு ஆசிரியை: ஓம் தம்பி, அப்ப ரெண்டு நேரமும் கேட்டுக் கடிதம் எழுதுவம்.