2200-ல் ஓட்டியும் வால்வு தீய்ந்த இன்ஜின்

படகு இன்ஜினை முழு வேகத்தில் விரட்டாமல் மிதமாக ஓட்டினால் நெடுநாள் உழைக்கும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் ஆர்.பி.எம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) முள்ளை மட்டும் பார்த்து "மிதமாகத்தான் ஓட்டுகிறேன்" என்று நம்பிக்கொண்டிருப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

நான் பழுது பார்க்கப் போன ஒரு படகில் 2800 ஆர்.பி.எம் ரேட்டிங் உள்ள, அதாவது முழு சக்தியை 2800-ல் தரும் டர்போ டீசல். உரிமையாளர் நிதானமானவர், 2200-ஐத் தாண்டியதே இல்லை என்றார், பொய் சொல்கிற ஆளும் இல்லை. இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினால் ஒரு எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) வால்வின் விளிம்பு பிறை போலத் தீய்ந்து போயிருக்கிறது, படகின் பின்பலகை முழுக்கக் கரி. வேலையை முடித்து, அடிப்பாகத்தில் பாசி, கொட்டலசு எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, கடலில் வைத்து த்ராட்டிலை முழுசாகத் தள்ளச் சொன்னேன். முள் 2500-லேயே நின்றுவிட்டது, பின்னால் கறுப்புப் புகை.

புரொப்பல்லரின் பிட்ச் (ஒரு சுற்றுக்கு அது முன்னேறப் பார்க்கும் தூரம்) அதிகம், அவ்வளவுதான் விஷயம்! புரொப்பல்லர் கேட்கும் சக்தி ஏறக்குறைய ஆர்.பி.எம்மின் மும்மடிக் கணக்கில் ஏறும், அதாவது சுழற்சி இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு. சரியான புரொப்பல்லர் இருந்தால் 2200-ல் அந்த இன்ஜின் தன் முழு சக்தியில் பாதியைத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். 2500-லேயே திணறும் புரொப்பல்லரோடு அதே 2200-ல் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு. சுழற்சி குறைவு, டர்போ இன்ஜினுக்குள் அழுத்தித் தரும் காற்றும் குறைவு, டீசல் மட்டும் அதிகமாக உள்ளே போகிறது, அப்புறம் எக்ஸாஸ்ட் சூடு ஏறாமல் என்ன செய்யும்? பிட்சைக் குறைத்த பிறகு முள் 2800-ஐத் தொட்டது, புகையும் நின்றது. அதனால் முதலில் முழு த்ராட்டிலில் ரேட்டிங் ஆர்.பி.எம் வருகிறதா என்று பாருங்கள், மிதமான ஓட்டத்தைப் பற்றிய பேச்சு அதற்கு அப்புறம்தான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. இன்ஜினுக்கு வலிக்கக் கூடாது என்று மணிக்கணக்கில் ஐடிலிலேயே (மிகக் குறைந்த சுழற்சியில்) விட்டு வைப்பவர்களின் இன்ஜினையும் திறந்திருக்கிறேன். கூலன்ட் சரியான சூட்டுக்கே வராது, டீசல் முழுசாக எரியாது, பிஸ்டன் ரிங்குகள் கரி பிடித்து ஒட்டிக்கொள்ளும், பிஸ்டன் ஓடும் உருளையான லைனர் கண்ணாடி மாதிரி வழவழத்துப்போய் ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். புகை வெளியேறும் வளைகுழாயான எக்ஸாஸ்ட் எல்போவில் கரி அடைத்து விரல் நுழையும் அளவுக்குத்தான் வழி மிச்சம் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். 2008-க்குப் பிறகு எரிபொருளை மிச்சப்படுத்த வேகத்தைக் குறைத்து ஓடிய பெரிய சரக்குக் கப்பல்களிலும் இந்தக் கரித் தொல்லை இருந்தது, அங்கே அவ்வப்போது இன்ஜினின் லோடை (அது இழுக்கும் பளுவை) ஏற்றிக் கரியை ஊதித் தள்ளுவார்கள். மெதுவாக ஓட்ட வேண்டிய வேலை இருந்தால் நாமும் திரும்பும் வழியில் நன்றாகச் சூடான இன்ஜினை ஒரு பத்து நிமிடம் லோடில் ஓட்டிவிட்டு வரலாம்.

எக்ஸாஸ்ட் சூட்டை அளக்க பைரோமீட்டர் மாட்டியிருப்பவர்கள், பிட்ச் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் எவ்வளவு காட்டியது என்று எழுதுங்கள்.