பெட்ரோல் ட்யூப்ல ஃப்ளோ சென்சார் போட்டேன், ரீடிங் ஜீரோ... உதவி ப்ளீஸ்

ஸ்ப்ளெண்டர் தம்பி:
வணக்கங்கண்ணா, நம்ம வண்டி 2014 ஸ்ப்ளெண்டர், கார்ப் (கார்புரேட்டர்) வண்டி. ஓட்டும்போதே மைலேஜ் தெரியணும்னு ஆர்டுயினோ நானோ (ப்ரோகிராம் போடுற குட்டி போர்டு), சின்ன டிஸ்ப்ளே, தண்ணிக்கு போடுற ஒய்எஃப்-எஸ்201 சென்சார் எல்லாம் வாங்கி ரெட்யூசர் வெச்சு பெட்ரோல் ட்யூப் நடுவுல கோத்துட்டேன். வாயால ஊதினா ரீடிங் ஏறுது, வீட்டுக் குழாய்லயும் சரியா காட்டுது, வண்டில மட்டும் ஜீரோ. பாலம் ஏறும்போது வேற இழுத்து இழுத்து நின்னே போச்சு. நான் எழுதின ப்ரோகிராம் கோடுல தப்பா?

சால்டரிங் சாமி:
கோடு இல்ல தம்பி, கணக்கு இடிக்குது. 45ல போய் லிட்டருக்கு 60 குடுக்குதுன்னா மணிக்கு முக்கா லிட்டர், நிமிஷத்துக்கு 12.5 மில்லிதான். அந்த சென்சாருக்கு நிமிஷத்துக்கு 1 லிட்டராவது வேணும், 80 மடங்கு வித்தியாசம், உள்ள இருக்கற விசிறி அசையாம ஓரமாவே பெட்ரோல் நழுவிடும். அப்படியே சுத்தினாலும் அது அனுப்புற சிக்னல் லிட்டருக்கு 450 பல்ஸ்தான், 10 செகண்டுக்கு ஒண்ணுகூட தேறாது. பம்பு இல்லாத வண்டி, டேங்க்ல இருந்து சாண் உயரத்துல தானா இறங்குற பெட்ரோலுக்கு குறுக்க அதை வெச்சா கார்ப் கப்பு (கார்ப்ல பெட்ரோல் தேங்கற கிண்ணம்) ரொம்பறதுக்குள்ள காலியாகும், அதான் பாலத்துல நின்னுருக்கு.

பழைய ஸ்பேனர்:
மொதல்ல அதை கழட்டுப்பா!! தண்ணி பிளாஸ்டிக், பெட்ரோல்ல ஓரிங் ஊதிடும், கீழ சூடான எஞ்சின்.

ஸ்ப்ளெண்டர் தம்பி:
இப்பதான் தடவி பாத்தேன், ஜாயின்ட்ல ஈரம். கழட்டிட்டேண்ணா. 350 ரூபா போச்சு 😭

பழைய ஸ்பேனர்:
பட்டறைல பண்ற மாதிரி 100 மில்லி பாட்டில் கட்டு. டேங்க் டேப்பை மூடி, ட்யூபை அதுல இருந்து கழட்டி பாட்டில்ல மாட்டு, வண்டி தானா ஆஃப் ஆகுற வரைக்கும் ஓட விடு, அப்பதான் கார்ப் கப்பும் காலியாகும், நெறைய பேர் இதை விட்டுட்டு மைலேஜ் கூட வருதுன்னு குதிப்பாங்க. அப்புறம் 100 மில்லி ஊத்தி மறுபடி நிக்கற வரைக்கும் ஓட்டு.

எஃப்ஐ பிரியன்:
நடுவுல பூந்துக்கறேன், என்னுது பிஎஸ்6 எஃப்ஐ (கார்ப் இல்லாம இன்ஜெக்டர் பெட்ரோலை பீச்சற வண்டி), இதுக்கு என்ன வழி?

சால்டரிங் சாமி:
உங்களுக்கு ட்யூபையே தொட வேணாம். இன்ஜெக்டர் எத்தனை மில்லிசெகண்ட் திறந்திருக்குன்னு கூட்டிட்டே போங்க, ஃபுல் டேங்க் டு ஃபுல் டேங்க் எவ்ளோ போட்டீங்களோ அதால வகுத்தா லிட்டருக்கு எத்தனை மில்லிசெகண்ட்னு கிடைச்சிரும். ஒவ்வொரு தடவையும் திறக்க ஆரம்பிக்கற கொஞ்ச நேரத்துக்கு பெட்ரோல் வராது, அதை கழிக்கணும். வயரை நேரா ஆர்டுயினோல குத்திடாதீங்க, மூடும்போது அடிக்கற ஸ்பைக்ல போர்டு காலி (என்னுது ஒண்ணு போயிருக்கு). ரெசிஸ்டர் போட்டு பிசி817 ஆப்டோகப்ளர் (உள்ள எல்இடி வெளிச்சத்துலயே சிக்னல் கடத்துற சிப்) வழியா எடுங்க, அதோட எல்இடிக்கு தலைகீழா ஒரு டையோடும்.

ஸ்ப்ளெண்டர் தம்பி:
பாட்டில் கட்டி ஓட்டிட்டேன், 5.4 கிலோமீட்டர்ல நின்னுச்சு, 54! நான் 65னு வீட்ல சொல்லிட்டு இருந்தேன். திரும்ப தள்ளிட்டு வந்தது தனி கதை, டேப்போட ட்யூப் இன்னும் கழண்டு கிடக்குங்கறதே மறந்துட்டேன்.