31 வயதில் நர்சிங் சேரலாமா? பாம்பனிலிருந்து ஒரு கேள்வி

பாம்பன் தெற்குவாடி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 31 வயது. கணவர் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறார். மகன் மூன்றாம் வகுப்பு. ப்ளஸ் டூவில் உயிரியல் பிரிவு எடுத்துத் தேறியவள் நான். மறு ஆண்டே கல்யாணம் ஆனதால் மதிப்பெண் சான்றிதழ் பெட்டிக்குள் போய்விட்டது.

இப்போது மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுப்பதுதான் வேலை. இதற்கு வந்த பிறகுதான் நர்சிங் ஆசை மறுபடியும் தலைதூக்கியது. மாத்திரையைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, அது உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்று தெரியாமலேயே கொடுக்கிறோமே என்று எரிச்சலாக வருகிறது.

இராமநாதபுரத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் விசாரித்தேன். ஓராண்டுப் படிப்பு, கட்டணம் 45,000 ரூபாய், வயது தடை இல்லை, வேலை நிச்சயம் என்றார்கள். கணவர் மறுக்கவில்லை. மாமியார்தான், "பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டிய வயதில் நீ பாடம் படிக்கப் போகிறாயா?" என்கிறார். இந்தப் படிப்பில் சேரலாமா? தமிழ் வழியில் படித்த எனக்கு ஆங்கிலத்தில் தேர்வு எழுத வருமா?

கீழக்கரை ஸ்டாஃப் நர்ஸ் எழுதியது:

தங்கச்சி, அந்த 45,000 ரூபாயை முதலில் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

ஓராண்டு சான்றிதழை வைத்துக்கொண்டு தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாதவர் நர்ஸ் இல்லை. வேலை நிச்சயம் என்று அவர்கள் சொன்னதும் பொய் இல்லை. தனியார் மருத்துவமனையில் உதவியாளராக எடுத்துக்கொள்வார்கள். பத்து ஆண்டு கழித்தும் உதவியாளராகவே இருப்பீர்கள். அரசுத் தேர்வு எழுத முடியாது, வெளிநாட்டுக்கும் வழி இல்லை. வெள்ளை உடை போட்டுவிடுவதால் ஊருக்கு வித்தியாசம் தெரியாது, அவ்வளவுதான்.

பதிவு கிடைக்கும் படிப்புகள் ஏ.என்.எம். (துணைச் செவிலியர், மருத்துவச்சிப் படிப்பு) இரண்டு ஆண்டு, ஜி.என்.எம். (பொதுச் செவிலியர், மருத்துவச்சிப் பட்டயம்) மூன்று ஆண்டு, பி.எஸ்சி. நர்சிங் பட்டப்படிப்பு நான்கு ஆண்டு. உங்கள் நிலைமைக்கு நான் சொல்வது ஜி.என்.எம். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி அதில் சேர 17 முதல் 35 வயது வரை இருக்கலாம். ப்ளஸ் டூவில் 40 சதவீதம் வேண்டும். பி.எஸ்சி.க்கு 45 சதவீதம், அதுவும் இயற்பியல், வேதியியல், உயிரியலோடு. ஜி.என்.எம். முடித்துவிட்டுப் பிறகு இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் படித்தால் பட்டமும் வந்துவிடும். அரசு இடங்களுக்கு வயதும் தகுதியும் தனியாக அறிவிப்பார்கள் என்பதால் அந்தந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டை வரிவிடாமல் படியுங்கள். 31 தாமதம் இல்லை. ஆனால் இன்னும் நான்கு ஆண்டு யோசித்தால் கதவு சாத்திவிடும்.

நான் ஜி.என்.எம். சேர்ந்தது 30 வயதில். உடன் படித்ததெல்லாம் பள்ளி முடித்த கையோடு வந்த பிள்ளைகள். எல்லாருக்கும் நான் அக்கா. முதல் ஆண்டில் உடற்கூறியலும் நுண்ணுயிரியலும் என்னைத் திணறடித்தன, அவர்கள் விளையாட்டாகப் படித்தார்கள். வார்டுக்குப் போனதும் நிலைமை தலைகீழானது. முதியவருக்கு மலப்பாத்திரம் வைக்கச் சொன்னால் அந்தப் பிள்ளைகளுக்குக் கண் கலங்கும். பிள்ளை பெற்று வளர்த்தவளுக்கு, படுக்கையில் கிடந்த மாமனாரைப் பார்த்தவளுக்கு அதில் என்ன இருக்கிறது? நோயாளிகளும் கொஞ்சம் வயதானவளிடம்தான் வாய் திறக்கிறார்கள். சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு யாரோ சொன்ன கஷாயத்தைக் குடிக்கிறேன் என்பதை டாக்டரிடம் சொல்லமாட்டார்கள், என்னிடம் சொல்வார்கள்.

நம் கடற்கரையில் பிறந்தவளுக்கு இன்னொரு மூலதனமும் உண்டு. திருக்கை முள் குத்தினால் காலை வெந்நீரில் வைக்க வேண்டும் என்று நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். அந்த நஞ்சு ஒரு புரதம், சூட்டில் சிதைந்துவிடும், அதனால்தான் வலி தணிகிறது என்பதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் சூடு 45 டிகிரியை ஒட்டித்தான் இருக்க வேண்டும், வலியால் மரத்த காலில் கொதிநீரை ஊற்றித் தோலை வேகவைத்துவிடக்கூடாது, முள் துண்டு உள்ளே ஒடிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், டெட்டனஸ் ஊசி வேண்டும். வீட்டில் கற்றது பாதி, மீதியைப் படிப்பு தருகிறது. மாத்திரையைப் பற்றி நீங்கள் எரிச்சல்பட்டீர்களே, அதுவும் இப்படித்தான் தீரும்.

ஆங்கிலத்துக்குப் பயப்படாதீர்கள். 'டாக்கிகார்டியா', அதாவது இதயம் வேகமாகத் துடிப்பது, என்ற சொல் ஆங்கில வழியில் படித்த பிள்ளைக்கும் புதிதுதான். எல்லாரும் ஒரே இடத்திலிருந்துதான் மனப்பாடம் செய்யத் தொடங்குகிறார்கள்.

நான் கவலைப்படுவது வேறு ஒன்றுக்கு. பல நர்சிங் பள்ளிகளில் விடுதியில் தங்குவது கட்டாயம். இரவுப் பணிப் பயிற்சியும் உண்டு. கணவர் இரவில் கடலில் இருந்தால் மகனோடு யார் படுப்பது? இதைப் பணம் கட்டுவதற்கு முன்பே பேசி முடியுங்கள். மாமியாரை எதிரில் நிறுத்தாதீர்கள். இந்தப் படிப்பை நடத்தப்போவதே அவர்தான்.

தொண்டி தம்பி எழுதியது:

அக்கா சொன்னதெல்லாம் சரி. கொஞ்சம் கசப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நானும் ஜி.என்.எம். படித்த ஆண் செவிலியர், வளைகுடாவில் இருக்கிறேன்.

படிப்பு முடிந்ததும் தனியார் மருத்துவமனையில் கிடைக்கும் சம்பளம் உங்களைச் சிரிக்கவைக்கும், அல்லது அழவைக்கும். வெளிநாட்டுக்குப் பெரும்பாலும் இரண்டு ஆண்டு வார்டு அனுபவம், அதன்மேல் அந்த நாட்டுத் தகுதித் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு எல்லாம் உண்டு. அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அதாவது எம்.ஆர்.பி., தேர்வு எழுத வேண்டும். அதில் தேறினாலும் முதலில் தொகுப்பூதிய ஒப்பந்தம்தான். பாம்பன்காரருக்குத் தருமபுரியில் பணி வந்தால் போக வேண்டும். 2022 ஜனவரியில் இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி திறந்ததால் எல்லாருக்கும் வீட்டுப் பக்கமே வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. வட்டிக்கு வாங்கிப் படிக்க வேண்டாம் என்கிறேன். அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைத்துக்கொண்டு, சில ஆண்டு இங்கேயே வேலை செய் என்று எழுதி வாங்கும் இடங்களும் இருக்கின்றன. கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்.

பாம்பன் தெற்குவாடி எழுதியது:

அக்கா, தம்பி, இருவருக்கும் நன்றி. ஓராண்டுப் படிப்பை விட்டுவிட்டேன். மாமியாரிடம் இரவுப் பிரச்சினையை அப்படியே சொன்னேன். "அவன் எப்போது உன் பக்கத்தில் படுத்தான், என் பக்கத்தில்தானே படுக்கிறான்" என்றுவிட்டுப் போய்விட்டார். சம்மதமா, சண்டையா என்று இன்னும் புரியவில்லை.

ஒரு பள்ளிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

கீழக்கரை ஸ்டாஃப் நர்ஸ் எழுதியது:

சம்மதம்தான், விட்டுவிடாதீர்கள்.

இந்திய நர்சிங் கவுன்சில் இணையதளத்தில் மாநில வாரியாகப் பட்டியல் இருக்கும். பள்ளியின் பெயர், அந்தப் படிப்பு, நீங்கள் சேரும் கல்வியாண்டு மூன்றும் பொருந்த வேண்டும். போன வருடம் இருந்தது என்ற பேச்சு எடுபடாது. மாநில கவுன்சில் அங்கீகாரத்தையும் தனியாகக் கேளுங்கள். உங்கள் பள்ளியின் மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் மூன்றிலும் பெயரும் முதலெழுத்தும் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். ஆதாரில் கணவர் பெயர் ஏறியிருந்தால் திருத்த நாள் பிடிக்கும். இத்தனை ஆண்டு இடைவெளி ஏன் என்று சில இடங்களில் உறுதிமொழிப் பத்திரம் கேட்பார்கள். கேட்டால் எழுதிக் கொடுங்கள், அது சாதாரண நடைமுறைதான்.