மறு: ‘அமிலமாக்கல்’ வேண்டாம், ‘அமில ஊற்றுத்திறப்பு’ வைக்கலாமா?

> சுண்ணாம்புப் பாறையில் உள்ள எண்ணெய்க் கிணற்றுக்குள் அமிலம் விடுவதற்கு ‘அமிலமாக்கல்’ போதாதா?

நம் கலைச்சொல் பட்டியலுக்கு அது போதாது ஐயா. ஒன்றை அமிலத்தன்மை உள்ளதாக மாற்றினால்தான் அது அமிலமாக்கல். இங்கே அமிலம் பாறையைக் கரைத்துத் தானும் தீர்ந்துபோகிறது. மிஞ்சுவது கால்சியம் குளோரைடு கரைந்த நீரும் கரியமில வாயுவும்.

மதுரை அடுப்படிகளிலேயே இதைப் பார்க்கலாம். கடப்பாக்கல் மேடையில் எலுமிச்சைச் சாறு சிந்தி, உடனே துடைக்காமல் விட்டால் வெளுத்த தடம் விழும். அந்த இடத்தில் பளபளப்பே அரித்துப்போயிருக்கும். மேலூர்ப் பக்கத்துக் கிரானைட்டில் அப்படி ஆகாது. முன்னது சுண்ணாம்புக்கல், பின்னதில் சிலிக்கா அதிகம். சிலிக்கா நிறைந்த மணற்பாறைக் கிணறு என்றால், சிலிக்காவைக் கரைக்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் கலக்க வேண்டியிருப்பது இதனால்தான். மும்பைக் கடலில் உள்ள மும்பை ஹை போன்ற சுண்ணாம்புப் பாறை எண்ணெய் வயலுக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலமே போதும், பெரும்பாலும் 15 விழுக்காட்டுக் கரைசல்.

நம் பக்கம் கிணறு வெட்டுகிறவர்கள் ‘ஊத்துக்கண் அடைஞ்சுபோச்சு’ என்பார்கள். எண்ணெய்க் கிணற்றுக்கும் அதே நோவுதான். துளை போடும்போது விடும் சேற்றுக்குழம்பு, சுவரோரப் பாறையின் நுண்துளைகளை அடைத்துக்கொள்கிறது. பாறை பிளக்காத அழுத்தத்தில் அமிலத்தை விட்டு, அடைப்பைத் தாண்டிப் புதுவழி திறக்கிறார்கள். ஆகவே ‘அமில ஊற்றுத்திறப்பு’. வெறும் ‘கண்திறப்பு’ வேண்டாம். அது கோயில் சிலைக்குச் செய்யும் சடங்கு. அழுத்தத்தைக் கூட்டிப் பாறையையே பிளந்தால் ‘அமிலப் பிளப்பு’.

> அமிலம் அரித்துப் போகும் வழிகளுக்குப் ‘புழுத்துளை’?

அதை வானியல்காரர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ‘அமிலப்புழை’ என்போமே. யானையின் துதிக்கையைப் ‘புழைக்கை’ என்ற மொழி இது; நீண்ட உட்துளைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

அமிலம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவுவதில்லை. சற்றே பெரிய துளை கிடைத்தால் அதிலேயே பாய்ந்து, அதை இன்னும் அகலமாக்கி, கிளைவிட்டு உள்ளே நீளும். ரொம்ப மெதுவாக விட்டால் கிணற்றுச் சுவரிலேயே தீர்ந்துவிடும். ரொம்ப வேகமாக விட்டால் எங்கும் பரவி, அதே அமிலத்துக்குக் குறைந்த ஆழமே கிடைக்கும். குறைந்த அமிலத்தில் புழை நெடுந்தூரம் போகிற வேகம் ஒன்று நடுவில் இருக்கிறது. அதற்கு ‘உகந்த செலுத்துவேகம்’ என்று எழுதியிருக்கிறேன். சுருக்கமாக யாராவது சொன்னால் மாற்றிக்கொள்ளலாம்.

அப்புறம், எஃகுக் குழாயை அமிலம் தின்னாமல் இருக்கச் சேர்க்கும் பொருளுக்கு ‘அரிப்புத் தடுப்பி’. இதில் யாருக்கும் மறுப்பு இல்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.